கோமதியின் கறுத்த காந்தம்

காலையில் ஆய்வகத்துக்குள் நுழையும்போதுதான் போன் வந்தது. "அண்ணாச்சி, அக்கா போயிட்டா." சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் கோமதியின் தம்பி. காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லையாம்.

அவளோடு ஒரே மேசையில் வேதியியல் ஆய்வு செய்தவன் நான். ஐசோசயனைடு என்ற வினைசெயல் தொகுதி உள்ள வேதிப்பொருளை எங்களில் யாரும் தொடமாட்டோம். அப்படியொரு நாற்றம்! கோமதி அதைத்தான் எடுத்தாள். அதை வைத்து இதுவரை யாரும் செய்யாத வினையைக் கண்டுபிடிக்கப்போவதாகச் சொன்னாள். சாயங்காலம் பஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். "நல்லதுதானல, காலை நீட்டிட்டுப் போறேன்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

குடுவைக்குள் சுழன்று கலக்கும் காந்தத் துண்டு கறுத்துவிட்டால் நாங்கள் தூக்கிப் போட்டுவிடுவோம். அவள் மட்டும் யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு கறுத்த துண்டை விடாமல் வைத்திருந்தாள். கேலி செய்தால், "கறுப்பா இருந்தா என்னல, சுத்துதுல்லா?" என்பாள்.

வினை அவளுக்கு நடந்தது. பளபளக்கும் புதுத் துண்டு போட்டு ஐந்து முறை செய்தேன், எனக்கு நடக்கவில்லை. பேராசிரியர் கேட்டபோது அவள் முன்னாலேயே, "சார், நம்புற மாதிரி இல்ல" என்றேன்.

"நான் பொய் எழுதுவேன்னு நெனைக்கியால?"

நான் திரும்பி என் குடுவையைக் கழுவத் தொடங்கினேன். அவள் எழுதிய கட்டுரை நின்றுபோனது. அவள் ஆய்வை விட்டுவிட்டு ஊரிலேயே ஒரு பள்ளிக்கூட வேலைக்குப் போனாள். பாவி, நான் ஒரு போன்கூடப் போடவில்லை.

பதினாறாம் நாள் போயிருந்தேன். தம்பி அவளுடைய டப்பாவைக் கொடுத்தான். உள்ளே அந்தக் கறுத்த காந்தம். "அக்கா எழுதுனது நெசந்தானா அண்ணாச்சி?" என்றான். டப்பாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் அதையே குடுவையில் போட்டு வினையை வைத்தேன். நடந்தது. பிறகு புதுத் துண்டோடு, வினையைத் தூண்டும் பல்லேடியம் என்ற உலோகத்தைத் துளி சேர்த்துப் பார்த்தேன்; அப்போதும் நடந்தது. பழைய வினை எதிலோ அந்தக் கறையில் ஒட்டிய உலோகம், அவளுக்கே தெரியாமல் அவளுக்காக வேலை பார்த்திருக்கிறது.

தம்பிக்குப் போன் போட்டேன். "நெசந்தான்பா. அக்கா ஒரு எழுத்துகூடப் பொய்யா எழுதல." பின்னால் தறிச் சத்தம் நின்றது. "இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணாச்சி" என்றான்.

இனி வரும் கட்டுரையில் அவள் பெயர்தான் முதலில். காந்தம் என் மேசையில் இருக்கிறது. அவள் கேட்ட கேள்வியும் என்னிடம்தான் இருக்கிறது. இல்ல கோமதி, நீ பொய் எழுதமாட்ட. அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாம்.