அக்கா வயலில் என் நாற்று

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு வியாதி வந்தது. எதற்குப் பிறந்தோம், என்னத்தைக் கிழித்தோம் என்று காலை காப்பியிலிருந்தே யோசனை. மயிலாடுதுறையில் ஒரு கல்யாண மண்டபத்தில் 'வாழ்க்கையின் பொருள்' என்று மூன்று நாள் சொற்பொழிவு நடப்பதாகக் கேள்விப்பட்டதும், நோட்டும் பேனாவுமாகக் கிளம்பிவிட்டேன். அன்றைக்கு என் வயலில் சம்பா நடவு. வரப்பில் நிற்க வேண்டியவள் மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கொழுப்புதான், வேறென்ன!

வயல், அப்பா எனக்கும் அக்காவுக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தது. நடுவில் ஒரே ஒரு வரப்பு. அந்த வரப்பை யார் தன் பக்கம் சீவிக்கொண்டது என்று சண்டை வந்து, ஆறு வருடமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. கல்யாண வீடுகளில்கூட அவள் முதல் பந்தி என்றால் நான் இரண்டாம் பந்தி.

நாற்றுப் பறித்த ஆட்கள் கட்டிய நாற்று முடிகளை அந்த வரப்பில்தான் அடுக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நடவுக்கு வந்த பெண்களோ வெளியூர். இரண்டு பக்கமும் உழுது, பரம்படித்துச் சமன்செய்து, தண்ணீர் கட்டி ஒரே மாதிரி கிடந்தது. எந்தப் பக்கம் என்று சொல்லத்தான் ஆள் இல்லையே. அவர்கள் அக்கா பக்கம் இறங்கிவிட்டார்கள்.

மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தால், அக்கா வயல் பச்சைப்பசேல் என்று நிற்கிறது. என் வயல் வெறும் சேறு. நாற்றங்காலில் ஒரு முடி மிச்சமில்லை. புதிதாக விதை விட்டால் நாற்று வர ஒரு மாதம் ஆகும், அதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். இந்த வருட சம்பா அவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டது.

விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த அக்கா வரப்பில் இடுப்பில் கைவைத்தபடி நின்றிருந்தாள். நடவுப் பெண்கள் பயந்துபோய் ஒதுங்கி நின்றார்கள். ஒருத்தி மட்டும் மெல்ல, "புடுங்கி அந்தப் பக்கம் நட்டுடவாங்க?" என்று கேட்டாள்.

அக்காவுக்கு வந்ததே கோபம்! "நட்ட பயிரைப் புடுங்குறதா? வாயக் கழுவு மொதல்ல!"

பிறகு என் பக்கம் திரும்பினாள். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

"என்னடி நெல்லு ரகம் இது?"

ஆறு வருடத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ஆயிரத்தொம்பதுக்கா."

"கெட்டுது போ. குண்டரிசி, இட்லிக்குத்தான் ஆவும்." முகத்தைச் சுளித்தாள். "என் நாத்தங்கால்ல பொன்னி நிக்கிது. நாளைக்கு உன் வயல்ல நட்டுக்க. என்ன முழிக்கிற? சோறு தின்னியா இல்லியா?"

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், சிரிப்பு வந்தது. அவளுக்கும் தொற்றிக்கொண்டது. நடவுப் பெண்கள் பேந்தப் பேந்த விழிக்க, இரண்டு கிழவிகளும் வரப்பில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். அத்தனை சந்தோஷத்தை நான் எந்த மண்டபத்திலும் கண்டதில்லை.

மறுநாள் சொற்பொழிவுக்குப் போகவில்லை. அவளுடைய பொன்னி என் வயலில் இறங்கியது. அதிலிருந்து தினமும் விடிந்ததும் நான் என் பயிரைப் பார்க்க அவள் வயலுக்குப் போகிறேன். அவள் தன் பயிரைப் பார்க்க என் வயலுக்கு வருகிறாள். "உன் பயிர் மஞ்சளடிக்குதுடி, வந்து பாரு" என்று அவள் தெருவிலிருந்தே கத்துவாள். "என் பொன்னிய பட்டினி போடாத" என்று மிரட்டலும் உண்டு. நானும் சளைப்பதில்லை.

நேற்று களை எடுத்துவிட்டு இரண்டு பேரும் மதகில் உட்கார்ந்து வாய்க்கால் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு முட்டிவலி அதிகமாகிவிட்டது. நான்தான் அவள் காலைத் தேய்த்துவிட்டேன். தேய்க்கத் தேய்க்க அவள் திடீரென்று சொன்னாள்:

"இந்த நடவுக்காரவங்க ஆறு வருஷம் முன்னாடியே தப்பு பண்ணித் தொலைச்சிருக்கலாம்லடி."