பதினோரு வாசல் வேப்பிலை

தண்டோராச் சத்தம் கேட்டால் எங்கள் சந்தில் முதலில் வெளியே வருவது நான்தான். இடுப்பில் பிள்ளை இருக்கும், கையில் அரைத்த மாவு ஒட்டியிருக்கும். அதைப் பற்றியெல்லாம் கவலைப்பட்டதில்லை. ஊரில் நடப்பதை அடுத்தவர் சொல்லி நான் தெரிந்துகொள்வதா? அந்த வீம்பு எனக்கு அப்போதே உண்டு. இன்னும் குறையவில்லை என்று என் மருமகள் சொல்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வெள்ளைக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு நான் மதுரைச் சிம்மக்கல்லுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்காரருக்கு மொத்தக் கடை ஒன்றில் வேலை. எங்கள் சந்து முட்டுச்சந்து. பதினோரு வீடு, நடுவில் ஒரு கிணறு, அவ்வளவுதான். அதில் ஐந்தாவது வரை படித்த பெண் நான் ஒருத்திதான். அதனால் சந்து முனைச் சுவரில் முனிசிபாலிட்டி நோட்டீஸ் ஒட்டினால் படித்துச் சொல்வது என் பொறுப்பு. சம்பளம் கிடையாது, ஆனால் அதிகாரம் எக்கச்சக்கம். "என்னடி போட்டிருக்கான்?" என்று பத்துப் பெண்கள் சுற்றி நிற்கும்போது நான் தொண்டையைச் செருமிக்கொண்டு கலெக்டர் பெண்சாதி மாதிரி நிற்பேன். அந்தச் சுகத்தை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

ஒரு கோடையில் வாந்திபேதி வந்தது. வைகையில் தண்ணீர் வற்றி, ஊற்றுத் தோண்டி மொண்டுகொண்டிருந்த நேரம். முதலில் ஆற்றங்கரைப் பக்கம் இரண்டு வீடு, பிறகு தெருத்தெருவாக. அப்போதுதான் தண்டோராக்காரர் தினமும் வர ஆரம்பித்தார். காக்கிச் சட்டை, முழங்காலுக்கு மேல் ஏறிய வேட்டி, கழுத்தில் தொங்கும் தப்புப் பறை. எங்களுக்கெல்லாம் அவர் அண்ணன்தான். ஆபீசில் எழுதிக் கொடுத்ததை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொந்தப் பேச்சுக்கு வருவார்.

"அம்புட்டுத்தான் கவர்மெண்டு சொன்னது. இனி நான் சொல்றேன், கேட்டுக்கங்க. தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்கத்தா. ஈ மொய்ச்ச பழத்தக் கண்ணால கூடப் பாக்காதீங்க. பிள்ளைகள ஆத்துல எறங்க விடாதீங்க. வாரேன்."

அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு எது எங்கே என்று விளங்கும். எந்தத் தெருவுக்கு இன்று தண்ணீர் வண்டி வரும், எந்தக் கிணற்றில் மருந்து போட்டிருக்கிறார்கள், நோயாளி இருக்கும் வீட்டுக்கு எங்கே கஞ்சி ஊற்றுகிறார்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக ஆள் வேண்டுமென்றால் யாரிடம் சொல்ல வேண்டும், எல்லாம் அவர் வாயில்தான் வரும். பயந்துகொண்டு கிடந்த நாட்கள்தான். ஆனாலும் அந்தத் தப்புச் சத்தம் சந்து முனையில் கேட்டதும் நம்மை யாரோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு தைரியம் வரும். இன்று எத்தனையோ வழியில் செய்தி வருகிறது. அந்தத் தைரியம் மட்டும் வருவதில்லை.

எங்கள் சந்துக் கிணற்றைப் பலகை போட்டு மூடிவிட்டார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று நோட்டீஸ். அதற்குப் பதிலாகக் காலையிலும் மாலையிலும் மாட்டு வண்டியில் பீப்பாய் வைத்து முனிசிபாலிட்டித் தண்ணீர் வரும். வண்டிக்காரர் ஒவ்வொரு வாசலாக நிறுத்தி ஊற்றுவார். கடைசி வீட்டுக்கு அது பெரிய உபகாரம். அந்த வீட்டு அக்கா துலுக்க வீட்டுப் பெண். சந்து முனையில் ஆண்கள் நிற்கிற இடத்துக்கு வர மாட்டாள். அவள் வீட்டுக்காரர் கயிறு வியாபாரத்துக்காக வெளியூர் போயிருந்தார். வீட்டில் அவளும் இரண்டு சின்னப் பெண்களும்தான்.

அந்த அக்காவைப் பற்றி நான் என்ன சொல்ல! கிராமத்திலிருந்து வந்த புதிதில் ஊர் ஞாபகத்தில் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த என்னைப் பேச வைத்தவள் அவள். எனக்குப் பிள்ளை பிறந்தபோது குளிப்பாட்டியவள். நோன்புக் கஞ்சி அவள் வீட்டிலிருந்து தூக்குச் சட்டியில் வரும். எங்கள் பொங்கல் அதே சட்டியில் திரும்பிப் போகும். கூடப் பிறந்தவள் இருந்தாலும் அவ்வளவு ஒட்டியிருக்க மாட்டேன்.

ஒரு நாள் சுவரில் புது நோட்டீஸ். செவ்வாய்க்கிழமை எங்கள் சந்துக்கு ஊசி போட வருகிறார்கள், எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும். படித்துச் சொன்னேன். அவ்வளவுதான், பெண்கள் முகமெல்லாம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பக்கத்துத் தெருவில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் கை வீங்கி இரண்டு நாள் காய்ச்சல் அடித்ததாம். எங்களுக்கு நோயை விட அந்த இரண்டு நாள்தான் பெரிதாகத் தெரிந்தது. கையைத் தூக்க முடியாவிட்டால் ஆட்டுக்கல்லை யார் சுற்றுவது? வீட்டு ஆண்களா?

அப்போதுதான் மகராசி நான் வாயைத் திறந்தேன்.

"வேப்பிலையக் கட்டிவிட்டா எவன் உள்ள வருவான்?"

அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால் வெளி ஆள் அந்த வாசலை மிதிக்க மாட்டான். அம்மா வந்து இறங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை நோயாளியை அந்த வீட்டை விட்டு அசைக்கவும் மாட்டார்கள். இது சர்க்கார் ஆளுக்கும் தெரியும், ஊசிக்காரருக்கும் தெரியும். நான் சொன்னதும் எல்லோரும் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடாத குறைதான். திங்கட்கிழமை சாயங்காலம் நானே கொத்துக் கொத்தாக ஒடித்து வந்து வாசல் வாசலாகக் கட்டினேன். கடைசி வீட்டு அக்கா மட்டும் தயங்கினாள்.

"வேணாம் புள்ள. எங்க வீட்லயும் அம்மை போட்டா வேப்பிலைதான் வைப்போம். வராத ஒண்ண வந்துச்சுன்னு சொல்லலாமா?"

"நீயும் எங்க சந்துதானக்கா. ஒன்னய மட்டும் ஊசிக்கு விட்டுக் குடுத்துருவனா?" என்று சொல்லி, அவள் வாசலில் ஆணியில் நூல் சுற்றி நானே கட்டினேன். பாசத்தில் செய்ததுதான். அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஊசிக்காரர்கள் வந்தார்கள். சந்து முனையில் நின்று பதினோரு வாசலையும் பார்த்தார்கள். ஒரு அடி உள்ளே வைக்கவில்லை. நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் கதவிடுக்கில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு மறுநாள் காலை வரைக்கும்தான். தண்ணீர் வண்டி சந்து முனையிலேயே நின்றுவிட்டது. அம்மா உலாவுகிற சந்துக்குள் மாட்டை ஓட்ட மாட்டேன், வேண்டியவர்கள் வந்து மொண்டுகொள்ளுங்கள் என்று வண்டிக்காரர் சொல்லிவிட்டார். தண்டோரா அண்ணனும் முனையில் நின்றே தப்பை அடித்து, இந்தச் சந்தில் அம்மை, வெளியார் யாரும் உள்ளே போக வேண்டாம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டுப் போனார். நாங்களே வெட்டிய குழி. வெளியே சொல்லவும் முடியாது. முணுமுணுத்துக்கொண்டே குடத்தைத் தூக்கினோம்.

கடைசி வீட்டுக்கு நான் கொண்டுபோய் ஊற்றுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். புதன்கிழமை ஊற்றினேன். வியாழக்கிழமை என் பிள்ளைக்குச் சளி, அடுப்பில் சோறு, வீட்டுக்காரர் அவசரம். மறந்துபோனேன். அவள் வாய்விட்டுக் கேட்கிற ரகம் இல்லை. கிணற்றுப் பலகையை நகர்த்தி ஒரு வாளி இறைத்திருக்கிறாள். தன் பெண்கள் இருவருக்கும் மிச்சமிருந்த நல்ல தண்ணீரைக் கொடுத்துவிட்டு, இவள் அதைக் குடித்திருக்கிறாள்.

சனிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் மூத்த பெண் அழுதுகொண்டு ஓடி வந்தாள். நான் போய்ப் பார்த்தபோது அக்கா சுருண்டு கிடந்தாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. குரல் வரவில்லை. விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறின மாதிரி சுருங்கியிருந்தது. ஊரில் ஒரு மாதமாகக் கேள்விப்பட்டுக்கொண்டிருந்ததை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உப்புத் தண்ணீர் ஏற்றினால் பிழைக்கலாம், நேரம் போனால் போனதுதான் என்று தண்டோரா அண்ணன் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் சைக்கிளில் போய் டோலிக்காரர்களைக் கூட்டி வந்தார். வந்தவர்கள் சந்து முனையிலிருந்தே வாசல் வேப்பிலையைப் பார்த்ததும் டோலியை இறக்கி வைத்துவிட்டார்கள்.

"அம்மா எறங்கியிருக்கிற வீட்ல இருந்து ஆளத் தூக்குனா எங்க குடும்பம் வெளங்குமா? நாங்களும் பிள்ளைகுட்டிக்காரங்கதான்."

நான் ஓடிப்போய் அக்கா வாசல் வேப்பிலையைப் பிய்த்து எறிந்தேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. அம்மாவையே பிய்த்து எறிகிறாள் என்று அவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். "பொய்யிங்க, பொய்க்குக் கட்டுனது" என்று கத்தினேன். பயத்தில் எதையாவது சொல்லுகிறேன் என்று நினைத்தார்கள். சந்துப் பெண்களில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அம்மா பேரைச் சொல்லிப் பொய் சொன்னோம் என்று ஒத்துக்கொள்ள யாருக்குத் தைரியம் வரும்? கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

அந்த நேரத்துக்குத்தான் தண்டோரா அண்ணன் காலைச் செய்தியோடு வந்தார். அவர் காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், பதினோரு வாசலையும் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நான் சொன்னா ஊரு நம்பும். ஆனா ஆபீசுல எழுதிக் குடுக்காதத நான் தட்டுனதே இல்ல தங்கச்சி."

பிறகு தப்பைக் கழுத்தில் சரிபண்ணிக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ சொல்லு. நான் தட்டுறேன்."

அவர் தப்பை அடித்தார். நான் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் அந்தக் குரலில் திருப்பிச் சொன்னார். இந்தச் சந்தில் அம்மா வரவில்லை. பதினோரு வாசலிலும் வேப்பிலை கட்டினது ஊசிக்குப் பயந்து. கட்டினவள் இன்ன வீட்டுக்காரி. கடைசி வீட்டில் வந்திருப்பது வாந்திபேதி. ஊருக்கே நோட்டீஸ் படித்துக்காட்டிய நான் என் மானத்தை நானே படித்துக்காட்டினேன். குரல் நடுங்கியது. அவர் குரல் நடுங்கவில்லை.

சொல்லி முடித்துவிட்டு முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வாசலாக வேப்பிலையைப் பிய்த்துக்கொண்டே போனேன். யாரும் தடுக்கவில்லை. டோலிக்காரர்களில் மூத்தவர் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "வாப்பா போவோம்" என்றார்.

அன்று மத்தியானமே ஊசிக்காரர்கள் திரும்பி வந்தார்கள். முதல் கையை நீட்டியது நான். கை பணியாரம் மாதிரி வீங்கியது, காய்ச்சலும் வந்தது. அந்தக் கையோடுதான் அக்காவின் இரண்டு பெண்களுக்கும் சோறு ஊட்டினேன். சந்துப் பெண்கள் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. தண்டோரா அண்ணனுக்கு ஆபீசில் நல்ல திட்டு விழுந்ததாகக் கேள்விப்பட்டேன். அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அடுத்த நாளும் வந்து, "கொதிக்க வச்சுக் குடிங்கத்தா" என்றுதான் சொன்னார்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் பாதியாக இளைத்து வீடு வந்து சேர்ந்தாள். நான் போய் அவள் முன்னால் நின்று அழுதேன். "சரி சரி, தூக்குச் சட்டி எங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். வேப்பிலையைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த பங்குனியில் என் பிள்ளைக்கு நிஜமாகவே அம்மை போட்டது. இன்றும் அவன் முகத்தில் ஏழெட்டுத் தழும்பு உண்டு. உடம்பெல்லாம் முத்து முத்தாக, கண் திறக்க முடியாமல் கிடந்தான். உச்சி வெயில். நான் வேப்பிலைக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன், கட்டக் கை எழும்பவில்லை. பொய்க்குக் கட்டியவளுக்கு நிஜத்துக்குக் கட்ட என்ன யோக்கியதை? அம்மா கேட்பாளே, நான் என்ன சொல்வேன்? பக்கத்து வாசல்களில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் வரவில்லை.

கடைசி வீட்டுக் கதவு திறந்தது. அக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அந்த வெயிலில் நடந்து வந்தாள். என் கையிலிருந்த கொத்தை வாங்கினாள்.

"எனக்கு நீ கட்டுனல்ல. ஒனக்கு நான் கட்டுறேன்."

கால் விரலில் எம்பி நின்று, நூலை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினாள். கட்டிவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். வெளி ஆள் மிதிக்காத வாசல் அல்லவா அது.

"எனக்குச் சின்னதுலயே போட்டிருச்சு புள்ள, இனி வராது" என்று சொல்லிவிட்டு, அவள் கட்டிய வேப்பிலைக்குக் கீழே குனிந்து, எனக்கு முன்னால் உள்ளே போனாள்.