பற்றரி என் இடுப்புப் பையில் இருந்த காலை

என் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுப்பவள். முப்பது வருடமாக லண்டன் ஹரோவில் விழுந்தெழும்பியவர்களின் முழங்கால், மணிக்கட்டு, விலா என்று ஒன்று விடாமல் படம் பிடித்தவள். வீட்டில் பிறந்தநாள் படம் எடுக்கும்போதும் பழக்கதோஷத்தில் "மூச்சை அடக்கிக்கொண்டு நில்லுங்கோ" என்பாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டே, "எலும்பு எடுத்தது காணும். இறகோட நடந்து திரியிற ஒண்டை ஒருக்காவாவது எடுக்கவேணும்" என்றாள்.

அவள் மனதில் வைத்திருந்தது கென்யாவில் திரியும் செக்ரட்டரிப் பறவை. கழுகுத் தலை, கொக்குக் கால், பழைய காலத்துக் கிளார்க்கர் காதில் பேனை செருகியதுபோல் பின்தலையில் சில நீண்ட இறகுகள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவள் தனக்கென்று வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான். அவளுடைய கமரா கிளப் வருடா வருடம் நூலகத்தில் கண்காட்சி வைக்கும். அதற்கென்று ஒரு படச் சட்டத்தை வாங்கி, வெறுமையாக வரவேற்பறை மூலையில் சாத்தியும் வைத்துவிட்டாள்.

நான் பஸ் கராஜில் நேரம் பார்க்கும் உத்தியோகம். எந்த பஸ் எத்தனை நிமிடம் பிந்துகிறது என்று பார்த்தே தலை நரைத்தவன். நல்ல நேரம் கெட்ட நேரம் பார்ப்பதிலும் நான் புலி. யாழ்ப்பாணத்திலிருந்து மச்சான் போன் எடுத்து அங்கத்தைய ராகு காலத்தைச் சொன்னால் விடமாட்டேன். "அங்க சூரியன் எழும்புற நேரம் வேற, இங்க வேற. லண்டனில இருக்கிறவன் லண்டன் கோயில் கலண்டரைத்தான் பார்க்கவேணும்" என்று அரை மணித்தியாலம் பாடம் எடுப்பேன். பாவம், அவர் போன் எடுப்பதையே குறைத்துக்கொண்டார்.

பயணத்துக்கு இரண்டு நாள் முதல் புது லென்ஸ் வந்து இறங்கியது. கைக்குழந்தை அளவு பாரம். அன்றைக்கு அட்டமி, மறுநாள் நவமி. ஆகவே நான் பெட்டியைத் திறக்கவே விடவில்லை. சாமியறையில் வைத்து, மூடிக்குச் சந்தனப் பொட்டும் வைத்தேன். "கண்ணாடியில வைச்சிடாதேங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை விடியக் காலை கென்யாவில் முதல் சவாரி. ஜீப்பில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, புல்வெளியின் விளிம்பில் சூரியன் எழும்புவதை இருவரும் பார்த்தோம். ஆறரை மணி இருக்கும். நான் போனில் படம் பிடித்து வைத்திருந்த கலண்டர் தாளை எடுத்துப் பார்த்தேன். திங்கள், ராகு காலம், ஏழு முதல் ஒன்பது வரை. புது லென்ஸில் முதல் படம் அந்த நேரத்திலா? அவள் பார்க்காத நேரத்தில் கமராவின் பற்றரியைக் கழற்றி என் இடுப்புப் பைக்குள் போட்டேன். மேலதிகப் பற்றரி ஏற்கெனவே அங்கேதான் இருந்தது.

ஏழேகாலுக்கு ஜீப் நின்றது. சாரதி கையை நீட்டினான். செக்ரட்டரிப் பறவை. இருபது முழத்தில், மேற்பார்வைக்கு வந்த அதிகாரிபோல் புல்லுக்குள் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து வந்தது. அவள் லென்ஸைத் தூக்கினாள், அழுத்தினாள், கமராவைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தாங்கோ."

"ஒன்பது மணிக்குத் தாறன்."

"அது ஒன்பது மணி மட்டும் நிக்குமோ?"

"சாரதியிட்டக் கேட்டுப் பாரும்" என்றேன். அது நிற்காது என்று தெரிந்துதான் சொன்னேன்.

நீட்டிய கையை மடக்கினாள். தன் போனை எடுத்தாள். மகளுக்கு என்னைப் பற்றிக் கோள் எழுதுகிறாள் என்று நினைத்து, நான் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது புல் மட்டும்தான் இருந்தது. ஒன்பது மணி தாண்டி ஐந்து நிமிடத்தில் பற்றரியைப் பெருமையோடு கொடுத்தேன். அந்த லென்ஸின் முதல் படம், முகாமின் குப்பைக் குழியில் நின்ற மொட்டைத் தலை நாரை. பிறகு ஐந்து நாள் அலைந்தோம். செக்ரட்டரியின் வால்கூடத் தென்படவில்லை.

வீட்டுக்கு வந்த வாரம், குசினியில் கலண்டரின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. இலண்டன் சூரிய உதயப்படி கணிக்கப்பட்டது. விரல் விட்டுக் கணக்குப் பார்த்தேன். கோடையில் லண்டன் பகல் நீளம், சூரியன் ஐந்துக்கே எழும்பும்; கென்யாவில் ஆறரைக்குத்தான். அதனால் அங்கே அன்றைக்கு ராகு காலம் எட்டு மணிக்கு மேல்தான் தொடங்கி ஒன்பதரை வரை. பறவை வந்தது சுத்தமான நேரம். நான் பற்றரி கொடுத்ததுதான் நட்டநடு ராகு காலம். மச்சானுக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் முதலில் ஓடியது. வெறும் சட்டம் மூலையில் நின்றது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஒரு வாரம் மூடி மறைத்தேன். பிறகு முடியவில்லை.

"இஞ்சாரும், உமக்கு ஒண்டு சொல்லவேணும்."

"கலண்டர் விசயமோ?" என்றாள், வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமல். "எனக்கு அண்டைக்கே தெரியும். சூரியன் எழும்பினதை ரெண்டு பேரும்தானே பார்த்தனாங்கள்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"சொன்னால் தந்திருப்பீங்கள். பிறகு ஜீப் பஞ்சரானாலும் அந்தப் படத்தாலதான், உங்களுக்குத் தடிமன் பிடிச்சாலும் அந்தப் படத்தாலதான். அதுக்குப் பறவை போறது சுகம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது. இந்த முப்பது வருடத்தில் இப்படி எத்தனை காரியங்களைச் சண்டை எதற்கு என்று கேட்காமலே விட்டிருப்பாள் என்று யோசித்தேன்.

கண்காட்சியன்று நாரையைத்தான் எதிர்பார்த்துப் போனேன். அந்தச் சட்டத்துக்குள் நான் இருந்தேன். அவள் போனில் எடுத்த படம். உலகமே அதற்குள் இருப்பதுபோல் மணிக்கூட்டை உற்றுப் பார்க்கிறேன். என் தோளுக்குப் பின்னால், சின்னதாக, கொஞ்சம் மங்கலாக, செக்ரட்டரிப் பறவை போய்க்கொண்டிருக்கிறது. கீழே "செக்ரட்டரிப் பறவை, கென்யா" என்று மட்டும் எழுதியிருந்தாள். வந்த சனம் அந்தப் படத்தடியில்தான் நின்று சிரித்தது. ஒரு வெள்ளைக்காரக் கிழவி என்னை அடையாளம் கண்டு, அப்படி எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள்.

"நேரம்" என்றேன்.

"இன்னும் பார்த்து முடியேல்லை" என்றாள் என் மனைவி, பக்கத்திலிருந்து தமிழில்.

வரும் ஓகஸ்டுக்கு மறுபடியும் கென்யாவுக்கு ரிக்கெட் போட்டிருக்கிறேன். போட்ட நேரம் என்ன நேரம் என்று பார்க்கவில்லை. பற்றரி இரண்டும் இப்போதே அவளுடைய கைப்பைக்குள் இருக்கின்றன.