மெலெனைத்தே அண்ணியின் தலை

எங்கள் வாவாவ் தீவில் புருஷனின் அக்கா சொல் பைபிளுக்கு அடுத்தபடி. என் வீட்டுக்காரர் கெபுவேலியின் அக்கா மெலெனைத்தே அந்த அடுத்தபடியையும் ஒப்புக்கொள்ள மாட்டாள். பிள்ளை இல்லாத விதவை. என் ஆறு வயது மகள் லூபேக்குப் பெயர் வைத்தது அவள், முடி வெட்டக் கூடாது என்றது அவள், தினமும் தன் பாயில் கட்டிக்கொண்டு தூங்குவதும் அவள்தான். பெற்றது மட்டும் நான்.

ஒருநாள் லூபேயின் பின்கழுத்தில் பட்டாணி போல ஒரு கட்டி வந்தது. பக்கத்தில் இன்னொன்று. தொட்டால் அழுதாள். எனக்கு என்னவென்று புரியவில்லை. அண்ணிக்கோ சந்தேகமே இல்லை. செத்துப்போன தன் அப்பாவின் கழுத்தெலும்பில் வேர் குத்துகிறது, அதுதான் பேத்தியின் கழுத்தில் வீங்குகிறது என்றாள். எங்கள் ஊரில் இது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். கெபுவேலி மண்வெட்டியோடு போனார். பூவரச மரத்தடியில் இருக்கும் கல்லறையைத் தோண்டினால் வேர் கிடைக்காமலா போகும்? அதை வெட்டி எறிந்து, எலும்புக்கு வாசனை எண்ணெய் தடவி மூடிவிட்டு வந்தார்.

கட்டி அசையவில்லை. அடுத்து அம்மாவின் கல்லறை என்றாள் அண்ணி. வம்சத்தையே எழுப்பி உட்கார வைப்பதற்குள் நான் சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

நர்ஸ் தொண்டையைப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள். பூனை பிறாண்டியதா, வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமலா, பிள்ளை இளைத்ததா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பிறகு கூந்தலைத் தூக்கினாள்.

"பேனு. சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணு சீழ் வச்சிருக்கு. அதுக்குத்தான் கழுத்துல நெறி கட்டியிருக்கு. மருந்து தர்றேன், புண்ணு ஆறினா மெள்ள வத்தும். வத்தாம பெருசாச்சுன்னா உடனே கூட்டிட்டு வா. கூடப் படுக்கிறவங்க தலையையும் பாக்கணும், அதுவரைக்கும் பிள்ளை தனியாப் படுக்கட்டும்."

கூடப் படுப்பது அண்ணி. அவள் தலையைத் தம்பியோ தம்பி பெண்டாட்டியோ தொடுவது எங்கள் முறையிலேயே கிடையாது. அதில் பேன் என்று சொல்வதற்கு யாருக்கு இரண்டு உயிர் இருக்கிறது?

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் கெபுவேலி மண்வெட்டியை எடுத்தார். "நான் வேணா அம்மா கல்லறையத் தோண்டிடுறேன். அக்காகிட்ட நீ சொல்லிடு."

சாயங்காலம் லூபேக்கு என் பக்கத்தில் தனிப் பாய் விரித்தேன். அண்ணி ஏன் என்றாள். நான் வார்த்தையைத் தேடுவதற்குள் என் சீமந்தபுத்திரி முந்திக்கொண்டாள்.

"அத்தை, ஒங்க தலையிலயும் பேனு இருக்குமாம். அது போற வரைக்கும் ஒங்ககூடப் படுக்கக் கூடாதாம்."

கெபுவேலி கூரையை ஆராய்ந்தார். அண்ணி எழுந்து தன் அறைக்குள் போனாள். மூட்டை கட்டப் போகிறாள் என்று நினைத்தேன். வந்தவள் கையில் சீப்பு இருந்தது. கொண்டையை அவிழ்த்துவிட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

"எங்கப்பா எலும்பையே வெளிய எடுத்துப் பாத்தாச்சு, சிசிலியா. என் தலை என்ன ஒசத்தி? வாரு."

வாரினேன். பேன் கொத்தாக உதிர்ந்தது. அண்ணி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை, லூபேயின் பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

"இன்னிக்கு ராத்திரியே போயிடுமா?"