அஞ்சலை திருடவில்லை

அஞ்சலையின் கண்களைப் பறித்தவன் நான். அவளைத் திருடியாக்கியவனும் நான்தான். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை நல்லவன் என்று எண்ணிக்கொண்டு நீ படிக்க வேண்டாம்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. திண்டிவனத்தில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு நான் மேஸ்திரி. கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் தீப்பற்றும் காஸ் கிளம்பும். அதில்தான் எங்கள் பிழைப்பு. காஸ் போனபின் மிஞ்சும் சுண்ணாம்பைப் பின்பக்கக் குழியில் கொட்டுவோம். காய்ந்ததும், பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஏழைபாழைகள் அள்ளிப் போவார்கள்.

கார்பைடு வரும் டிரம்மின் அடியில் தூளும் உடைந்த கல்லும் தங்கும். அவற்றை வெட்டவெளியில், பக்கத்தில் நெருப்பில்லாமல், தொட்டி நிறையத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட்டு, கொதிப்பு முற்றும் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அரை நாள் வேலை. எனக்குத் தெரியாதா? மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தானே! போகிக்கு முதல்நாள், விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்... காய்ந்த சுண்ணாம்பின்மேல் அப்படியே கவிழ்த்துவிட்டேன். சோம்பேறி நாய்!

பட்டறை பெருக்கும் அஞ்சலை கூடையோடு வந்தாள்.

"மேஸ்திரி, வூட்டுக்கு வெள்ளை அடிக்கணும். கொஞ்சம் அள்ளிக்கினு போவட்டுங்களா?"

'வேண்டாம், பச்சைக் கார்பைடு கிடக்கிறது' என்றால் உள்ளே இருந்த முதலாளி காதுக்குப் போகும். மெல்லச் சொல்லியிருக்கலாமே? பெருக்குகிறவளுக்குப் போய் விளக்கம் சொல்வதா என்ற திமிர்! சரியென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அவளுடையது கூரை வீடு. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பானையில் கொட்டித் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்... வெடித்துவிட்டது. இரண்டு கண்களும் போயின.

"கார்பைடு அவ கைக்கு எப்பிடிய்யா போச்சு?" என்றார் முதலாளி.

"திருடிக்கினு பூட்டாளுங்க."

என் நாக்கு ஏன் அழுகவில்லை?

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் என் குரலை வைத்தே கண்டுகொண்டாள். "கண்ணு போனா போவுது மேஸ்திரி. நீங்க சரின்ன பொறவுதான் அள்ளுனேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. திருடிச்சின்ற பேரோட நான் சாவக்கூடாது."

"சொல்றேன்" என்றேன். சொன்னேனா? மறுநாள் டிரம்முக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன்!

அந்தப் பேரோடுதான் செத்தாள். அவள் மகன் விக்கிரவாண்டியில் இருக்கிறான். திருடிச்சி மகன் என்றுதான் அவனையும் சொல்கிறார்கள்.

உனக்கு அவளைத் தெரியாது. அதனால்தான் உன்னிடம் சொல்ல இந்தக் கோழைக்கு வாய் வருகிறது! நேற்றும் அவனிடம் சொல்லிவிடுவதென்று பஸ் ஏறினேன்... விக்கிரவாண்டி வந்தது. நான் இறங்கவில்லை.