பனியில் காயாத பெயின்ட்

தேயிலை விலை விழுந்து, நீலகிரியில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த ஆண்டுகளில் நடந்தது இது. குன்னூருக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் அதிகாரியாக இருந்தேன். தொழிற்சாலையை நிறுத்திவிட்டார்கள். குடியிருப்பை மட்டும் காலி செய்யச் சொல்லவில்லை.

வாசலில் ஒரு பழைய மோரிஸ் மைனர் கார் நின்றது. நல்ல காலத்தில் ஆசைப்பட்டு வாங்கியது. மழைக்காலம் முழுக்கத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிவைப்பேன். ஈரத்தையும் சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறேன் என்பது, வேலை போன பிறகு காரின் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினேன், தகடு அப்பளம்போல் உடைந்து கீழே மண் தெரிந்தது. கதவுக்குக் கீழே தகடு இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. எனக்கு முன் வைத்திருந்தவர் துருவின் மேலேயே பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருந்தார்.

பஜாரிலிருந்து, காருக்குத் தகடு வேலை செய்யும் ஒரு டிங்கரை அழைத்துவந்தேன். இருவரும் சேர்ந்து சுரண்டினோம். "இதுக்கு மேல சுரண்டுனா நம்பர் பிளேட் மட்டுந்தானுங்க சார் மிஞ்சும்" என்றார். துருவேறிய பகுதிகளை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தோம். மண் அடைத்திருந்த நீர்வடியும் துளைகளைத் திறந்துவிட்டோம். காலையில் எழுந்ததும் செய்வதற்கு ஒரு வேலை இருப்பதே எனக்கு நிம்மதியாக இருந்தது.

என் மனைவிக்கு ஒரே அக்கா. தேவர்சோலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் குடும்பம். அந்தத் தோட்டமும் படுத்துவிட, பிழைப்புக்குத் திருப்பூர் போகிறோம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அவர் கிளம்புவதற்குள் காரில் அழைத்துவந்து நாலு நாள் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனைவிக்கு ஆசை. 'கார்ல வந்து கூட்டிட்டுப் போறேன்' என்று பதிலும் அனுப்பிவிட்டாள்.

"ஏனுங்க, ஓட்டையெல்லாம் அடைச்சாச்சில்ல. போலாங்களா?"

"பெயின்ட் அடிக்க வேண்டாமா?"

"எங்கக்கா பெயின்ட்டையா பாக்கப் போறா?"

அடித்தோம். பனி ஈரத்தில் அது பால் ஊற்றியதுபோல் வெளுத்துப்போனது. தேய்த்துவிட்டு மறுபடி அடிக்க வெயில் வேண்டும். ஆடி மாதத்தில் வெயிலுக்கு எங்கே போவது? தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப நான் பஸ்ல போயிட்டு வந்தரட்டுங்களா?"

"கார வச்சுக்கிட்டு பஸ்ல போவியா? உங்க ஆளுங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

அவள் உள்ளே போய்விட்டாள்.

கார் அப்போதே ஓடத் தயாராகத்தான் இருந்தது. வேலை போனவன், திட்டுத்திட்டாக நிறம் போன காரில் மனைவியின் உறவினர் வாசலில் போய் இறங்குவதா என்ற கூச்சம் எனக்கு. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஒருவழியாக வெயில் வந்தது. பெயின்ட் காய்ந்ததும் கிளம்பினோம். முன் இருக்கையில் அவள் சிறுமிபோல் உட்கார்ந்திருந்தாள். பைக்காரா தாண்டும்போது, "வாறப்ப அக்கா முன்னால உக்காரட்டுங்க. நான் பின்னால போயிக்கறேன்" என்றாள்.

அக்கா வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் வெளியே வந்தார்.

"முந்தாநேத்தே லாரி வந்திருச்சுங்களே. தங்கச்சி வருவா, தங்கச்சி வருவான்னு உங்கக்கா ஏறவே மாட்டேன்னுட்டாங்க. லாரிக்காரன் சத்தம் போட்டுத்தான் ஏத்துனான்."

மனைவி பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். முன் இருக்கை காலியாகவே வந்தது. ஊட்டி நெருங்கும்போது ஒரே ஒருமுறை பேசினாள். "பெயின்ட் நல்லா வந்திருக்குதுங்க." குத்திக்காட்டவில்லை, எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரிந்து சொன்னாள்.

அவர்களின் திருப்பூர் முகவரியை விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி வந்தது.

வயதான இந்தக் காலத்தில், எங்காவது போகலாமா என்று அவள் ஒரு வார்த்தை கேட்டால் போதும், உடுத்திய வேட்டியோடு எழுந்து வந்துவிடுவேன். அவள்தான் அதன்பிறகு என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை.