அருள்நாதன் தன் காதால் கேட்ட அஞ்சலி

அருள்நாதன் இறந்த செய்தி வந்தபோது, அவருக்கான அஞ்சலிக் கூட்டத்தை நாங்கள் முந்தின வாரமே நடத்தி முடித்திருந்தோம். தொழிற்சாலை வேன் ஓட்டும் குணா, “ஆபரேஷன்ல போயிட்டாருண்ணே” என்று போனில் அழுதான். ‘இன்னொரு கூட்டம் வைக்கணுமா?’ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவரை அறிந்தவர்கள் இதற்காக என்னைக் கோபிக்க மாட்டார்கள்.

மலேசியாவில், பாசிர் கூடாங் தொழிற்சாலையில் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். இளமையில் பாதிரியாராகப் படிக்கப் போய், கொஞ்சம் கிரேக்கம் கற்று, ‘சாப்பாடு சரியில்லை’ என்று திரும்பி வந்தவர்.

ஒருமுறை பண்டார் தெங்காராவில் சக தொழிலாளி ஒருவரின் சாவுக்குப் போனோம். உயிரோடிருந்தவரை அவரைத் திட்டித் தீர்த்த சூப்பர்வைசர், பெட்டிக்கு முன்னால் நின்று ‘தங்கமான மனிதர்’ என்று உருகினார். திரும்பும் வழியெல்லாம் அருள்நாதன் கொதித்தார்.

“இங்கிலீஷ்ல யூலொஜின்னா செத்தவனைப் புகழ்றது. மூலம் கிரேக்கம், யூலொகியா. ‘யூ’ன்னா நல்ல, ‘லோகோஸ்’னா சொல். உயிரோட இருக்கறவனுக்கும் சொல்வாங்க. அப்புறம் ஆசீர்வாதத்துக்கும் அதே பேரு. கிழக்கத்திய சர்ச்சுல பூசை முடிஞ்சு கொடுக்கிற ரொட்டிக்கும் அதே பேரு. நல்ல சொல், ஆசி, ரொட்டி. இதுல எதைச் செத்தவன் அனுபவிக்க முடியும், லா?”

இருதய அறுவைக்கு நாள் குறித்ததும், “எனக்கு அஞ்சலிக் கூட்டத்தை முன்னாடியே வச்சிடுங்க. எழுந்திருக்கலைன்னா நான் எப்படிக் கேக்கறது?” என்று பிடிவாதம் பிடித்தார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் பயந்துபோயிருந்தார். பெர்மாஸ் ஜெயாவில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் கூடினோம். மனைவி ரோஸ்லினும் வந்திருந்தார். பொய் சொல்லக் கூடாது, புகழ்பவர்தான் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் வாங்கித் தர வேண்டும் என்பது அருள்நாதன் போட்ட விதி.

குணா எழுந்து, “அன்னார் அவர்கள்...” என்று தொடங்கினான்.

“டேய், நான் இன்னும் இருக்கேன்!”

என் முறை வந்தது. நேரம் தவறாதவர் என்றேன். “பொய். உக்காரு” என்றார். நான் உட்காரவில்லை. கோத்தா திங்கியில் எங்கள் வீட்டில் வெள்ளம் புகுந்தபோது, கூப்பிடாமலே வந்து என் அப்பாவோடு சேறு அள்ளியதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அலமாக், என்னா சம்பல் காரம்!” என்றார். அவர் தட்டில் ரொட்டியும் சீனியும்தான் இருந்தன.

அடக்கத்தன்று என்னைப் பேச அழைத்தார்கள். எழுந்து நின்றேன். அவர் சேறு அள்ளியதைத்தான் மறுபடியும் சொல்லத் தொடங்கினேன்.

“விடுங்க தம்பி, அவரு கேட்டுட்டாரு. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் அதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு” என்றார் ரோஸ்லின்.

அருள்நாதனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, அவர் அதைக் கேட்டுவிட்டுப் போனார் என்ற அந்த ஒன்றைத்தான். சொல்லாமல் விட்டோமே என்று அருள்நாதன் விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இறந்துபோன என் அப்பா விஷயத்தில்கூட என்னால் இப்படிச் சொல்ல முடியாது.